அரபு வாத்தியார் மகளுக்கு

இதனால் படப்பை முதல் வல்லக்கோட்டை வரை வாழும் சகலமான பேர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, மூன்று நாள் முற்றுகைக்குப் பின், வடக்குப்பட்டு வாசியும் கம்பெனி பஸ் டிரைவருமாகிய உன் அப்பன், உன்னுடைய சிவப்பு சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்து அதன் ஜிப்பை முழுசாக மூடிவிட்டான். எங்கள் தரப்பில் சேதம் ஒரு நகம். எதிர்த் தரப்பில் சரணடைந்து வெளியே வந்தவை இரண்டு போர்வையும், உன் அம்மா கடைசி நேரத்தில் உள்ளே நுழைக்கப் பார்த்த இட்லிக் குண்டானும். வெற்றியைக் கொண்டாட ஒரு டம்ளர் காபி கேட்டேன். "எறங்கு மொதல்ல, பொட்டி ஒடைஞ்சிடப் போவுது" என்று பதில் வந்தது. சரித்திரத்தில் வீரர்களுக்கு அவரவர் வீட்டில் மரியாதை கிடைத்ததாக நான் படித்ததில்லை.

செய்தி முடிந்தது பாப்பா. இனி கடிதம். சனிக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். ஒரகடம் தொழிற்சாலையில் நான்கு வருடம் லைனில் நின்று, சூப்பர்வைசரே பாஸ் பண்ணிய பாகத்தை வாங்கிப் பார்த்து "இது ரிஜெக்ட் சார்" என்று திருப்பிக் கொடுத்த பெண் நீ. அதற்காகத்தான் ஓமானில் ஆரம்பிக்கிற புதுத் தொழிற்சாலையில் குவாலிட்டி பார்க்க உன்னை இரண்டு வருடத்துக்கு அனுப்புகிறார்கள். இந்தச் செய்தியை என் பஸ்ஸில் ஏ ஷிப்டுக்கு ஒரு தடவை சொன்னேன், பி ஷிப்டுக்கு ஒரு தடவை சொன்னேன். சி ஷிப்டு ஆட்கள் ஏறியதும் தூங்கிவிடுவதால் ஹாரன் அடித்து எழுப்பிச் சொன்னேன். "அண்ணே, நேத்தே சொல்டீங்க" என்றார்கள். அது ஒத்திகை, இதுதான் அரங்கேற்றம் என்றேன்.

பத்து நாளாக நீ போனைக் காதில் மாட்டிக்கொண்டு குளியலறைக்குள் அரபு படிக்கிறாய். அந்தப் போனுக்குள் இருக்கிற பெண்மணி செய்தி வாசிப்பது போல ஒரு வாக்கியத்தைச் சொல்கிறாள், நீ தண்ணீர் ஊற்றிக்கொண்டே திருப்பிச் சொல்கிறாய். "மேன்மை தங்கிய ஐயா, நூலகத்துக்கு வழி யாது?" என்கிற தினுசில் ஏதோ கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறாய். நூலகத்துக்கு நீ இங்கேயே வழி கேட்டதில்லை. நான் வெளியே நின்று சிரித்தேன். நீ தலையில் துண்டோடு வந்து கேட்டாய், "இன்னாப்பா சிரிக்கிற, உனக்கு அரபு தெரியுமா? சும்மா உதார் வுடாத." தெரியுமாவா? ஒரு ஆளுக்கே அரபு சொல்லிக் கொடுத்து, இன்டர்வியூவில் ஜெயிக்க வைத்து, மஸ்கட்டுக்கு ஏற்றி அனுப்பியவன் நான். அதுவும் பதினேழு வயதில். எஸ்தர் சித்தி எப்படி மஸ்கட் போனாள் என்று நம் வீட்டில் எல்லாருக்கும் பாதிக் கதை தெரியும். முழுக்கதையை வாத்தியார் கையெழுத்திலேயே படித்துக்கொள்.

தொண்ணூற்றொன்றாம் வருடம். பிளஸ் டூ பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். காத்திருந்த காலத்தில் ஊர் என்னிடம் படாத பாடு பட்டது. பஸ் ஸ்டாப்பில் "இங்கே பஸ் நிற்காது" என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டையை எழுதித் தொங்கவிட்டேன். அதற்குக் கீழே எறும்பு அளவில் "ஓடும்போது" என்று எழுதியிருந்தேன். முதல் வரியை மட்டும் படித்த பாதிப் பேர் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போய்விட்டார்கள். மாதா கோயில் மணியில் துணி சுற்றி வைத்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சாமியார் மட்டும் வந்திருந்தார். இதற்கெல்லாம் என் அப்பா பெல்ட்டால் பதில் சொன்னார், அம்மா கண்ணீரால் பதில் சொன்னாள். சிரித்த ஒரே ஆள் எஸ்தர் சித்தி. அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டோடுதான் இருந்தாள். தாம்பரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாடா, இன்னிக்கு யாரு தலைய உருட்டின?" என்று கேட்பாள். சொல்லி முடிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். நடிகனுக்குக் கைதட்டல் எப்படியோ எனக்கு அந்தச் சிரிப்பு அப்படி.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை என்பது அவளைத் தவிர எல்லாருக்கும் கவலை. பெரிய மாமா தாம்பரத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். பெண் பார்க்க வந்த அன்று அவர் சித்தியிடம் கேட்ட ஒரே கேள்வி, "விடிகாலைல எத்தினி மணிக்கு எழுந்திருப்ப?" என்பதுதான். அவர் தேடியது பெண்ணையா அலாரத்தையா என்று நான் கேட்டதற்கு அன்றைக்கும் பெல்ட். அந்த நேரத்தில்தான் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வார்டு ஆயாக்கள் வேண்டும் என்று சித்தி வேலை செய்த இடத்தில் செய்தி வந்தது. எழும்பூரில் இன்டர்வியூ. ரெண்டு வார்த்தை அரபு பேசினால் நல்லது என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான். சித்தி முதல் தடவையாக வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டாள். மாமா யோசித்துச் சொன்னார்: "போய்ட்டு வா, வாணான்னு சொல்லல. எடுக்கலைன்னா அடுத்த ஞாயித்துக்கெயம ஓலை வாசிச்சிடுவாங்க. அப்பறம் பேசக்கூடாது." இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று பூசையில் சாமியார் வாசிக்கிற அந்த ஓலையை ஒரு முறை வாசித்துவிட்டால், எங்கள் ஜனங்களைப் பொறுத்தவரை பாதித் தாலி ஏறிய மாதிரி. இன்டர்வியூவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஊரில் அரபு தெரிந்த ஒரே ஆள் சைக்கிள் கடை பாய். தோஹாவில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்தவர். சித்தி வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் கடை அடைத்துவிடுவார். எனக்கோ வேலையே இல்லை. ஆகவே பகலில் பாயிடம் படித்து, சாயங்காலம் சித்திக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாய் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே வார்த்தை வார்த்தையாகச் சொல்வார். நான் அவற்றைத் தமிழில் முக்கி எடுத்துச் சித்திக்குப் பரிமாறுவேன். அந்த முறையை நீயும் குறித்துக்கொள். உன் போன் பெண்மணிக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் வராது.

"தண்ணிக்கு மாய். தண்ணி கெடைக்காங்காட்டி மாஞ்சி பூடுவ, அதான் மாய்" என்றேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். "நன்றிக்கு ஷுக்ரன். சுக்கிர தெசை அடிச்சா நன்றி சொல்லமாட்டியா?" என்றேன். அதையும் பிடித்தாள். "போதும்னு சொல்ல, பஸ்."

"அப்ப நம்ப பஸ்ஸுக்கு இன்னா சொல்றது?"

"அது எப்பவும் போதாது சித்தி."

சிரித்து உருண்டாள். எண்களில் ஆறுக்குச் சித்தா என்றதும், "ஆறு சித்தப்பாவா? ஐய, எனக்கு ஒண்ணே வாணாம்னுதான்டா ஓடறேன்" என்றாள். அடுத்த வார்த்தைதான் அவளை உண்மையில் கலங்கடித்தது. யாராவது ஒரு பெண்ணைக் கிட்டே வரச்சொன்னால் தஆலி என்பார்கள். வேகமாகச் சொன்னால் தாலி என்றே காதில் விழும். சித்தி முகம் சுண்டிவிட்டது. "அங்கியும் இதே பேச்சா? இதுக்கு இங்கியே இருந்துட்டுப் போறேன்."

"இங்க தாலின்னா கட்டிப்போடறது. அங்க தாலின்னா, வாம்மா கிட்டன்னு அர்த்தம். கூப்டா பயந்துகினு ஓடிடாத, நேரா போய் நில்லு" என்றேன். பாப்பா, நான் பதினேழு வயதில் சொன்ன ஒரே உருப்படியான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். உனக்கும் அதையே சொல்கிறேன். புது ஊரில் நம் ஊர்ச் சொல் போலக் காதில் விழுந்து உன்னைப் பயமுறுத்துவதெல்லாம், அந்த ஊர்க்காரர்கள் உன்னைக் கிட்டே கூப்பிடுவதாகவும் இருக்கலாம். அர்த்தம் கேட்காமல் ஓடிவராதே.

மிச்சம் இருந்தது மன்னிப்பு. ஆஸ்பத்திரி வேலையில் தட்டு விழும், தண்ணீர் கொட்டும், யாராவது திட்டுவார்கள். அதற்கு ஒரு வார்த்தை இல்லாமல் எப்படி? அதையும் கொடுத்தேன். "தப்பு பண்ணிட்டன்னு வையி, கையக் கூப்பி மாஃபின்னு சொல்லு. நம்ப ஊர்ல மாப்பு கேக்கறோமில்ல, அந்த மாப்புதான் அங்க மாஃபி." சித்தி அதை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக மனப்பாடம் செய்தாள். வாழ்நாள் பூராவும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள். தெரிந்த ஒரு வேலையைப் புது பாஷையில் செய்வது சுலபம்தானே. பாத்திரம் தேய்க்கும்போது மாஃபி, துணி பிழியும்போது மாஃபி. ஒரு நாள் எங்கள் ஆட்டுக்குட்டி காலில் இடித்துக்கொண்டதற்கு அதனிடமும் மாஃபி கேட்டாள்.

எழும்பூருக்கு நானும் கூடப் போனேன். வாத்தியார் இல்லாமல் பரீட்சையா? மாடியில் ஒரு அறை, வாசலில் இடுப்புயர அரைக் கதவு, வெளியே பெஞ்சில் பன்னிரண்டு பெண்கள். உள்ளே மஸ்கட்டிலிருந்து வந்த அரபு மேட்ரன் அம்மா, கறுப்பு முக்காடு, தடித்த கண்ணாடி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு மலையாளத்து அண்ணன். அந்த வருட ஆரம்பத்தில்தான் குவைத் சண்டை நடந்து முடிந்திருந்தது. எண்ணெய்க் கிணறுகள் எரிகிற படம் தினமும் பேப்பரில் வந்துகொண்டிருந்தது. சித்திக்கு முன்னால் போன பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "அங்க குண்டு போடுவாங்களான்னு கேட்டேங்கா. அந்தம்மா மூஞ்சே மாறிப்போச்சு" என்றாள். அதைக் கேட்டதும் சித்தியின் கை நடுங்க ஆரம்பித்தது. நான் அரைக் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

சித்தி உள்ளே போன நேரத்தில் மலையாளத்து அண்ணனுக்குப் போன் வந்து அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். மேட்ரன் அம்மா நிமிர்ந்து பார்த்து, "தஆலி" என்றாள். சித்தி ஒரு கணம் திடுக்கிட்டதை நான் பார்த்தேன். பிறகு நேராகப் போய் நின்றாள். நடுங்கும் கையைப் பார்த்துவிட்டு அந்த அம்மா தண்ணீர் டம்ளரை நகர்த்தி, "மாய்?" என்றாள். சித்தி கண் பளிச்சிட்டது. "மாய்! ஷுக்ரன்!" என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்த அம்மாவின் கண்ணும் பளிச்சிட்டது. என் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தெறிக்க வைக்கிற அளவுக்கு விரிந்தது. அந்த விரிவில் இருந்தபோதே சித்தி டம்ளரை எடுத்தாள், கை உதறியது, பாதித் தண்ணீர் மேஜை மேலிருந்த காகிதங்களில் கொட்டிவிட்டது.

மேட்ரன் அம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை, சித்தியின் கையைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஃபீ கவுஃப்?" என்று கேட்டாள். எங்கள் பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. திட்டுகிறாள் என்று நினைத்த சித்தி இரண்டு கையையும் கூப்பி, "மாஃபி, மாஃபி!" என்றாள். அந்த அம்மா புருவத்தை உயர்த்தி, நம்பாமல், "மாஃபி கவுஃப்?" என்று இன்னொரு தடவை கேட்டாள். மன்னிக்க மாட்டேன் என்கிறாள் போலிருக்கிறது என்று பதறி, சித்தி இரண்டு அடி முன்னால் போய், மேஜையில் கை ஊன்றி, அந்த மாடியே அதிரும்படி, "மாஃபி!" என்று கத்தினாள்.

அரபு அம்மா சிரித்தாள். முக்காடு நழுவுகிற மாதிரி சிரித்தாள். நனைந்த காகிதத்திலேயே என்னவோ எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வந்த மலையாளத்து அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சித்தியை ஏற இறங்கப் பார்த்தார். "பயம் இருக்கான்னு மேடம் கேட்டு. காலையிலேர்ந்து எல்லாரும் பயம்னு கரஞ்சு, அழுது. நீங்க மாத்ரம் இல்லவே இல்லன்னு டேபிள்ல அடிச்சு சொல்லியாமே. செலக்டட்" என்றார். மாஃபி என்றால் அங்கே மன்னிப்பு அல்ல, பாப்பா. இல்லை என்று அர்த்தம். பயம் உண்டா என்று கேட்டவளிடம் சித்தி மூன்று தடவை இல்லை என்று சொல்லியிருக்கிறாள், கடைசித் தடவை கர்ஜித்தே சொல்லியிருக்கிறாள்.

தாம்பரம் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சித்தி வழியெல்லாம் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் வந்தாள். "டேய், நான் மாப்பு கேட்டேன்டா, அந்தம்மா எனக்கு வேலையே குட்துட்ச்சு!" என்றாள். எதிர் சீட்டில் இருந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவன்தான் என் வாத்தியாரு" என்றாள். வீட்டுக்கு வந்ததும் மாமா, "இன்னாம்மா, எடுத்தாங்களா?" என்றார். சித்தி செலக்சன் காகிதத்தை நீட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்கவில்லை. பத்தொன்பது வருடம் மஸ்கட்டில் இருந்தாள். எத்தனை பிள்ளைகள் முதன்முதலில் அவள் கையில் அழுதிருக்கும் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. இன்றைக்குப் படப்பையில் தன் பேரில் வீடு, தன் பேரில் கேட், கேட்டுக்குள் தன் இஷ்டத்துக்கு எட்டு மணிக்கு எழுந்திருக்கிற எஸ்தர் சித்தி. போன வாரம் நீ சொல்லிக்கொள்ளப் போனபோதுகூட, "உங்கொப்பன் மட்டும் அந்த வார்த்தையத் தப்பா சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா நான் அவ்ளோதான்" என்றாளாமே. முப்பது வருடத்துக்கு மேலாக இந்தப் புகழில்தான் உன் அப்பன் குளிர் காய்கிறான். தப்பாகச் சொல்லிக் கொடுத்தே ஜெயிக்க வைத்தவன், சரியாகச் சொல்லியிருந்தால் அரபு தேசத்தையே எழுதி வாங்கியிருப்பான் என்று எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

இதுவரை எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எல்லாம் நிஜம், ஒரு இடம் தவிர. மாப்பிலிருந்து மாஃபியை நான் அறியாமல் இழுத்துக்கொண்டு வரவில்லை. பாய் முதல் நாளே சொல்லிவிட்டார். கடைக்கு ஒருவன் டியூப் கேட்டு வந்தான், பாய் "டியூப் மாஃபி" என்று அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பி, "மாஃபின்னா இல்லைன்னு அர்த்தம்டா. மாப்புன்னு நெனச்சிக்காத. நம்ப ஆளுங்க அங்க போயி இதைத்தான் மாத்திச் சொல்லி மாட்டிக்குவானுங்க" என்றார். தெள்ளத் தெளிவாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். அன்று சாயங்காலம் சித்தியிடம் தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன்.

விளையாட்டு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளையாட்டு இல்லை. தாம்பரம் என்றால் ஒரு டிக்கெட் தூரம், மஸ்கட் என்றால் கடல். அவள் போய்விட்டால் சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்? இன்டர்வியூவில் உளறிவிட்டு வரட்டும், அந்த அலாரக்காரர் வீட்டுக்கே போகட்டும், அழுதாலும் பரவாயில்லை, பக்கத்தில் அழட்டும் என்று நினைத்தேன். பதினேழு வயதில் நான் அவ்வளவு கெட்டிக்காரன். அவள் ஜெயித்தது என் பாடத்தால் இல்லை, என் சதியையும் மீறி. சித்தியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டபடி உதார் விடாமல் முதலில் உன்னிடம் சொல்கிறேன்.

இவனுக்கு இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வருகிறது என்று கேட்பாய். நேற்றிலிருந்து நீ பாஸ்போர்ட்டைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருக்கிறாய். உன் அம்மா, காணாமல் போனதைத் தேடித் தருகிற அந்தோணியாருக்குப் பதிமூன்று மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டுவிட்டாள். நானும் உன்னோடு கட்டிலுக்கடியில் படுத்து, டார்ச் அடித்து, "இங்க இல்லியே பாப்பா" என்று உச்சுக் கொட்டினேன். அரிசி டிரம்மைத் திற. கையை முழங்கை வரைக்கும் உள்ளே விடு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருக்கிறேன், ஒரு மூலைகூட மடங்கவில்லை. நானே எடுத்துக் கையில் கொடுத்திருக்கலாம். உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததால், எனக்கு லீவான இன்றைக்கு வேறொருத்தன் டிரிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸை எடுத்துப் போய்விட்டேன்.